கத்திரி படாத முப்பத்தேழு சட்டைகள்

ஈரப் பருத்தியின்மேல் சூடான இஸ்திரிப் பெட்டி இறங்கும்போது எழுகிற ஆவிக்கு ஊருக்கு ஊர் ஒரு வாசனை. எங்கள் வியாசர்பாடியில் அது கஞ்சி வாசனை. ராயபுரத்தில் கொஞ்சம் மீன், கொஞ்சம் டீசல். எண்ணூர்ப் பக்கம் காய்ந்த துணியில் மட்டும் இன்னொன்று வரும். நனைந்த அடுப்பைக் குச்சியால் கிளறினால் வருமே, அது. போன வாரம் எங்கள் பிளாக்குக்குக் கீழே இஸ்திரி வண்டியைத் தாண்டும்போது அந்த ஆவி மூக்கில் ஏறியது. கால் நின்றுவிட்டது.

"இன்னாக்கா, துணி எதுனா போடணுமா?"

"இது யார் சட்டை?"

"மூணாவது மாடிக்குப் புதுசா வந்துகிறாங்களே, அவங்களுது. எண்ணூர் நெட்டுக்குப்பத்துக்காரங்க."

சட்டை வெள்ளைதான். வெள்ளை என்று சொல்லி வாங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் பேருந்தை விட்டேன்.

ஐம்பத்திரண்டு வயதில், தோள்பட்டை இனிமேல் முடியாது என்று சொன்ன பிறகு, ராயபுரம் ஏற்றுமதி யூனிட்டிலிருந்து விலகிக்கொண்டேன். கம்ப்யூட்டரே துணி வெட்டும் மெஷின் வந்த மாதம் அது. எனக்கு அதன்மேல் வருத்தமில்லை, நேராக வெட்டுகிறது, டீ கேட்பதில்லை. விடைகொடுத்த நாளில் புதுப்பெண்கள் நாலு பேர் என்னைச் சுற்றிக்கொண்டு, "அக்கா, அந்தச் சாம்பல் உடுப்பு நீங்கதானே வெட்டுனது?" என்றார்கள். "நான் வெட்டல" என்றேன். அடக்கத்துக்குச் சொல்கிறேன் என்று சிரித்தார்கள். அடக்கமெல்லாம் எனக்கு வராது. அந்தச் சாம்பலில் நிஜமாகவே என் கத்திரி படவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வேலை பழகிய ஆறு வருடத்தை ஆறு வரியில் சொல்லிவிடலாம். நூல் கத்தரிக்கிறவளாகச் சேர்ந்தேன். பிறகு பொத்தான், பிறகு துணி விரிப்பது. கட்டிங் மேசையில் பெண்பிள்ளை நிற்பதில்லை என்றார்கள். ஒரு ரம்ஜான் மாதத்தில் ஆள் குறைந்தது, நின்றேன். நின்றவள் நகரவில்லை.

மேசைக்குத் தலைவர் காதர் மாஸ்டர். ஒல்லி, வெள்ளை அரைக்கைச் சட்டை, பேச்சு மகா குறைவு. துணி வந்ததும் வெட்ட விடமாட்டார். உருளையிலிருந்து அவிழ்த்து ஒரு ராத்திரி ஆறப்போட வேண்டும், இறுக்கிச் சுற்றிய துணி தன் நீளத்துக்குத் திரும்பிய பிறகுதான் சாக்குக்கட்டியால் கோடு. அதற்கும் முன்னால் ஷேடு பார்ப்பது. ஒரே சாயத்தில் முக்கியெடுத்த துணி என்றாலும் ஒரு தான் துணிக்கும் அடுத்த தான் துணிக்கும் நிறம் அரை மூச்சு வித்தியாசப்படும். கைக்கு ஒரு ஷேடு, மார்புக்கு ஒரு ஷேடு போய்விட்டால் கப்பலேறிய சரக்கு திரும்பி வரும். அதனால் ஒவ்வொரு தானையும் தனியாகப் பிரித்து, ஷேடு வாரியாக எண் போட்டு அடுக்குவோம்.

மாஸ்டர் ட்யூப்லைட்டில் ஷேடு பார்த்து நான் கண்டதில்லை. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வடக்கு ஜன்னலுக்கு நடப்பார். சட்டைப்பையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் துண்டை எடுப்பார். யாரும் தொடக்கூடாத துண்டு, வீட்டுக்குக் கொண்டுபோய்த் தானே துவைப்பார். அதைத் துணியின் பக்கத்தில் வைத்து, கண்ணைச் சுருக்கி, "ம்" என்பார். ஒருமுறை நான் ட்யூப்லைட்டிலேயே ஷேடு பிரித்து வைத்தபோது மட்டும் முழுவாக்கியம் பேசினார். "லைட்டுக்கு அடியில எல்லாமே ஒண்ணுதாம்மா. பக்கத்துல ஒரு வெள்ளைய வை. அப்பதான் அது வாயத் தொறக்கும்."

திட்டுவதென்றால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் போடுவார். அந்த நாள் நமக்கு முடிந்தது. பாராட்டுவதென்றால் மேசையில் கிடக்கும் சாக்குத் தூளை ஒருமுறை ஊதிவிட்டுப் போவார். பதினோரு வருடத்தில் எனக்காக மூன்று தடவை ஊதினார். மூன்றாவதை மறக்க முடியாது.

பூங்காவனம் அதே யூனிட்டில் நூல் கத்தரித்தவள். என்னைவிட எட்டு வயது சின்னவள், நெட்டுக்குப்பம். அப்பா கடலில் போனபின் அத்தை தேசம்மா வளர்த்த பெண். கத்திரி ஓட்டிக்கொண்டே பாடுவாள், சாவு வீட்டில் ஆண்கள் பாடுகிற கானா. சூப்பர்வைசர் முறைத்தால் அவர் பெயரையே பாட்டில் வைத்து இழுப்பாள். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கேசட், அப்புறம் டிவி, அப்புறம் ஒரு சினிமாப் பாட்டு. அந்தப் பாட்டு ஆட்டோவுக்கு ஆட்டோ ஓடியது. ஒரு சேனல் தன் வருடாந்தர விருது விழாவுக்கு அவளைக் கூப்பிட்டது. நட்சத்திர ஹோட்டல், வாசலிலிருந்து சிவப்புக் கம்பளம். "டீசன்ட்டா வாங்க மேடம்" என்று போனில் சொன்னார்களாம்.

நேராக என் வீட்டுக்கு வந்தாள். "அக்கா, டீசன்ட்டுன்னா இன்னாக்கா?"

"பட்டுப் புடவை, மல்லிப்பூ."

"பட்டு ஓகே. பூ வேணா. தலைக்கு வேற ஒண்ணு செஞ்சு குடு."

மீன்கூடை தூக்கும்போது தலையில் சுருட்டி வைப்பார்களே, சும்மாடு. அதைக் கருஞ்சிவப்புப் பட்டில் முறுக்கி, ஓரத்துக்கு ஜரிகை வைத்துக் கொடுத்தேன். கிரீடம் மாதிரி வைத்துக்கொண்டு கம்பளத்தில் நடந்தாள். மைக் நீட்டிய பெண் கேட்டாள், இது என்ன புது ஸ்டைல் என்று. "எங்க அத்தை கூடைக்கு வெக்கிறது. கூடையோட போனா பஸ்ல ஏத்த மாட்டேன்றாங்க, அத்தொட்டு நான் கார்ல எடுத்தாந்தேன்." மறுநாள் பத்திரிகையில் பாட்டைப் பற்றி ஒரு வரி, சும்மாட்டைப் பற்றி அரைப்பக்கம்.

அடுத்த வருடம் கடலோரச் சாலைக்காகக் குடிசைகளுக்கு நம்பர் போட்டுக்கொண்டு போனார்கள். கதவில் சுண்ணாம்பால் எழுதிய அந்த எண்களையெல்லாம் ஒரு வெள்ளைப் புடவையின் கரையில் சங்கிலித் தையலாகப் போட்டேன். தூரத்தில் பூவேலை, கிட்டே வந்தால் கதவு எண். அதற்குப் பிறகு பூங்கா என்ன பாடப்போகிறாள் என்பதைவிட என்ன உடுத்தப்போகிறாள் என்றுதான் கேட்டார்கள். சேனல்காரர்களுக்குப் பாதி சந்தோஷம், பாதி பயம்.

மூன்றாம் வருடம் சிறந்த பாடகி பட்டியலில் அவள் பெயர் வந்தது. "இந்தத் தடவ எங்க ஊர் கொடியக்கா" என்றாள்.

"எந்தக் கட்சிக் கொடி?"

"அய்ய, துணி காயுற கொடி."

நெட்டுக்குப்பத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஒருபக்கம் கழிமுகம், ஒருபக்கம் வானத்தில் செருகிய அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். காற்று மாறினால் முற்றத்தில் சாம்பல் இறங்கும். மாவு சலித்த மாதிரி, சத்தமே இல்லாமல். அவள் யோசனை எளிமையானது. பத்து மீட்டர் புது வெள்ளை மல்துணியை அத்தை வீட்டுக் கொடியில் முப்பது நாள் தொங்கவிடுவது. துவைக்காமல், உதறாமல். என்ன இறங்குகிறதோ இறங்கட்டும். அதை அப்படியே வெட்டித் தரையில் இழுபடும் நீள அங்கியாகத் தைப்பது.

வாரம் ஒருமுறை பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். முதல் வாரம் சந்தனம் மாதிரி ஒரு மங்கல். மூன்றாம் வாரம் புகைபோக்கி பார்த்த பக்கம் முழுச்சாம்பல். கிளிப் கடித்த இடங்கள் மட்டும் விரல்நுனி விரல்நுனியாக வெள்ளை. அந்த வெள்ளைப் புள்ளிகள் தோள் வரிசையில் விழுகிற மாதிரி வீட்டில் காகிதத்தில் வரைந்து வைத்திருந்தேன். என் வாழ்க்கையிலேயே நல்ல வெட்டு அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

விழா ஞாயிறு மாலை. சனிக்கிழமை எங்களுக்கு ஷிப்மெண்ட். வெள்ளிக்கிழமை மாஸ்டரிடம் போய் விடுப்பு கேட்டேன். கண்ணாடியைக் கழற்றுவார் என்று எதிர்பார்த்தேன். "பூங்கா பொண்ணுக்கா?" என்றார். தலையாட்டினேன். சட்டைப்பையைத் தடவி அந்த வெள்ளைத் துண்டை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, அடுத்த தானைப் பிரிக்கப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை எட்டரைக்குப் பூங்காவும் நானும் சந்துக்குள் நுழைந்தபோது அத்தை வீட்டுக் கொடியில் பத்து மீட்டரும் பளபளவென்று ஆடிக்கொண்டிருந்தது. சோப்பு, பிளீச்சிங் பவுடர், நீலம், கஞ்சி. நாலும் மணந்தது.

பூங்கா அப்படியே குந்திவிட்டாள்.

தேசம்மா அத்தை கை துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். ஐம்பத்தைந்து வயசு, ஏலத்தில் நின்று கத்திக் கத்தி உடைந்த குரல். "இன்னாடி குந்திக்கினே? மூணு தபா போட்டு அடிச்சிக்கிறேன் பாரு. மேடைல போடறத இப்டியா கலீஜா உடுவாங்க? கொழாயாண்ட அந்த ராணி கேக்கறா, தேசம்மாவுக்குக் கையி வெளங்கலியா, ஒரு மாசமா ஒரே துணி தொங்குதுன்னு. மானம் போச்சு எனக்கு."

"தொடாதன்னு சொன்னேனே அத்தை."

"தொடாதன்னா? களவு போயிடும்னு நீ சொன்னதா நெனச்சேன்."

பூங்கா காரணத்தைச் சொல்லியிருக்கவில்லை. அந்த நிமிடம்தான் எனக்கே தெரிந்தது. இப்போதும் அவள் தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். சாம்பல் பிடித்த துணியை உடுத்திக்கொண்டு போய் ஊருக்குக் காட்டப் போவதாக.

அத்தை முகம் மாறியது. "எங்க அழுக்க இட்டுனு போயி டிவில காட்டப் போறியா?"

"அது நம்ம அழுக்கு இல்ல அத்தை."

"எவன் கேப்பான் யாருதுன்னு? குப்பத்துக்காரி தொவைக்க மாட்டா, நாறுவான்னு சொல்றவனுக்கு நீயே எடுத்துக் குடுக்கறியா? டெய்லி தொவைக்கிறேண்டி. முப்பது வருசமா டெய்லி. எங்கூட்டுத் துணிய அழுக்குன்னு எவளும் சொன்னதில்ல." விறுவிறுவென்று போய்க் கொடியின் அந்தக் கோடியிலிருந்து பேரனின் பள்ளிச்சட்டை ஒன்றை உருவிக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேராக விரித்தார். "பாரு மாலதி, நீயும் துணி வேலைதான். நேத்து சாயங்காலம் தொவச்சது. அழுக்கு கீதா? சொல்லு."

அழுக்கு இல்லை. கழுத்துப்பட்டியில்கூட இல்லை. நான் பையிலிருந்து மாஸ்டரின் வெள்ளைத் துண்டை எடுத்துச் சட்டையின் மேல் வைத்தேன்.

அத்தை குனிந்து பார்த்தார். பூங்கா எழுந்து வந்தாள்.

சட்டை சாம்பல் நிறம். மழைமேகத்தின் அடிவயிறு மாதிரி ஒரு நிறம். இரண்டு வருடம் தினம் துவைத்து, தினம் இந்தக் காற்றில் உலர்த்தி, இழைக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்ட நிறம். பழகிய கண்ணுக்கு அது வெள்ளை. நான் திரும்பிப் பார்த்தேன். சனிக்கிழமை. சந்து முழுக்க, வீட்டுக்கு வீடு, அந்த வாரத்துப் பள்ளிச்சட்டைகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றுகூட வெள்ளை இல்லை.

"அத்தை, நாங்க காட்ட இருந்தது துவைக்காத துணி" என்றேன். "நீங்க சொன்னதுதான் சரி. அதப் பார்த்தா துவைக்கலன்னுதான் சொல்லுவாங்க. இது துவைச்சது."

அத்தை அந்த வெள்ளைத் துண்டைச் சட்டையில் அங்கங்கே நகர்த்தி வைத்துப் பார்த்தார். கழுத்தில், கையில், பையின்மேல். அப்புறம் துண்டை என்னிடம் நீட்டிவிட்டு, சந்துக்குள் இறங்கி உடைந்த குரலில் ஏலம் கூவுகிற மாதிரி கூப்பிட்டார். "ஏ ராணி. பசங்க சட்டைய எடுத்துக்கினு வா. எல்லாரும் வாங்கடி."

வந்தார்கள். முப்பத்தேழு சட்டை சேர்ந்தது. கூடவே நிபந்தனையும். குழாயடி ராணி இடுப்பில் கைவைத்துச் சொன்னாள். "திங்கக்கெழம இஸ்கூல். எம்புள்ளைக்கு இது ஒண்ணுதான். கத்திரி வெச்ச, நான் மனுசியா இருக்க மாட்டேன்."

எல்லாருக்கும் அது ஒன்றுதான். ஆக, வெட்டக்கூடாது. தையலும் ஓடக்கூடாது, பிரிக்கும்போது பழைய துணி கிழியும். பதினோரு வருடம் வெட்டித் தின்ற கை, கத்திரியைப் பையிலேயே போட்டுவிட்டு நின்றது.

முற்றத்தில் பாயை விரித்தேன். அத்தை துவைத்த வெள்ளையை மட்டும் வெட்டினேன், அது எங்கள் சொந்தத் துணி. கழுத்திலிருந்து தரைவரை ஒரு நீள அங்கி, பின்னால் நாலு முழம் இழுபடுகிற தொங்கல். மூன்று தடவை துவைத்ததில் சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி, கஞ்சியில் விறைத்து, தைக்க அவ்வளவு வாகாக இருந்தது. பிறகு சட்டைகளை ஷேடு பிரித்தேன். யூனிட்டில் ஷேடு மாறினால் குப்பை. இங்கே அதுதான் சரக்கு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் புதுச்சட்டை மேலே, அண்ணனிடமிருந்து தம்பிக்கு இறங்கிய சட்டை அதற்குக் கீழே, மூன்று பிள்ளைகளைத் தாண்டி வந்தது தரையோரம். தோளிலிருந்து இறங்க இறங்கப் பொழுது சாய்கிற மாதிரி நிறம் இறங்கியது.

எதால் இணைப்பது? சட்டைக்குப் பொத்தான் இருக்கிறது, காஜா இருக்கிறது. சட்டையைத் திறந்து மல்லாத்தினால் ஒரு பக்கம் பொத்தான், மறுபக்கம் காஜா. ஒரு பிள்ளையின் பொத்தானை அடுத்த பிள்ளையின் காஜாவில் மாட்டினேன். வரிசை வளர்ந்தது. ஒரு வரிசையை அடுத்ததோடு சேர்க்க?

"ஊக்கு" என்றாள் ராணி. தாலிக்கயிற்றில் கோத்திருந்ததைக் கழற்றிப் பாயில் போட்டாள். அடுத்தவள் வளையலிலிருந்து. அடுத்தவள் தாலியிலிருந்து ஆறு. பாய் மினுங்கியது. "எண்ணி வெச்சுக்கோ, எனக்கு நாலு" என்று ஆளுக்கு ஆள் கணக்குச் சொன்னார்கள். கைகளை மடக்கவில்லை, தொங்கவிட்டேன். எழுபத்துநாலு குட்டிக் கைகள். பூங்கா போட்டுக்கொண்டு நாலடி நடந்தபோது அவை காற்றில் அசைந்தன. கூட்டத்தில் ஒருத்தி, "எம்பையன் கை ஆடுது பார்" என்றாள்.

எனக்கு ஒரே பயம், வெளிச்சம். அத்தனை விளக்கின் அடியில் சாம்பலும் வெள்ளையாகத்தானே தெரியும். அதனால் அங்கியின் இடதுபக்கம் முழுவதும் சட்டை எதுவும் மாட்டாமல் அத்தையின் வெள்ளையை அப்படியே விட்டேன். பாதி உடம்பு வெள்ளை, பாதி உடம்பு நெட்டுக்குப்பம்.

ஞாயிறு மதியம் கார் வந்து நின்றதுமே அத்தை புதுப்புடவையோடு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். "சட்டைக்கு நான்தான ஜவாபு சொல்லணும்? நானும் வரேன்."

ஹோட்டல் வாசலில் நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். பூங்கா இறங்கினாள். தொங்கல் கம்பளத்தில் விழப்போனது. அதற்குள் அத்தை காரிலிருந்து குதித்து, "கீழ படுதுடி, நாளைக்கு இஸ்கூலுக்குப் போடற துணி" என்று இரண்டு கையாலும் அதை அள்ளிக்கொண்டார். காவலாளி தடுக்க வந்தான். அத்தை அவனைப் பார்த்த பார்வையில் வழிவிட்டான். விளக்கெல்லாம் அவர்கள்மேல் விழுந்தது. ஆனால் வெள்ளைக்குப் பக்கத்தில் அந்தச் சாம்பல், மாஸ்டர் சொன்னதுபோல, வாயைத் திறந்தது. தடுப்புக்கு வெளியே நின்ற எனக்கே தெரிந்தது.

மைக் பெண் பூங்காவிடம்தான் கேட்டாள். "வாவ், கிரே அண்ட் வைட். என்ன மேடம் இந்த முறை தீம்? அழுக்கா?"

பூங்கா வாயெடுப்பதற்குள் பின்னாலிருந்து அத்தை. "அழுக்கில்லம்மா. தொவச்சுதான் போட்டுக்கினு வந்துகிறோம். எல்லாமே தொவச்சதுதான். எங்கூர்ல வெள்ளைன்னா இதான்."

அந்தப் பெண் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள். கேமராக்காரர் ஒருவர் தானாகவே முழங்காலிட்டு, தொங்குகிற குட்டிக் கைகளுக்குக் கேமராவைக் கொண்டுபோனார். விருது அன்று வேறொருவருக்குப் போனது. யாருக்கென்று இப்போது எவருக்கும் ஞாபகமில்லை. மறுநாள் எல்லா முதல்பக்கத்திலும் ஒரே படம். முன்னால் பூங்கா, பின்னால் தொங்கலை மீன்வலை மாதிரி அள்ளிப் பிடித்தபடி தேசம்மா அத்தை. அந்த வாரமே அரசாங்க ஜீப்பில் ஆட்கள் வந்து கொடிகளைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். சாம்பல் லாரிகளுக்குத் தார்ப்பாய் வந்தது, குவியல்மேல் தண்ணீர் பீய்ச்சத் தொடங்கினார்கள். எல்லாம் தீர்ந்துவிடவில்லை. ஆனால் அதுவரை, சாம்பலா, எங்கே என்று கேட்டவர்கள் அதன்பிறகு அப்படிக் கேட்கவில்லை.

திங்கள் பதினொரு மணிக்கு யூனிட்டுக்குப் போனேன். என் மேசை காலியாக இருந்தது, துணி ஏறவில்லை, சாக்குத்தூள் ஒரு பொட்டும் இல்லை. மாஸ்டர் வந்தார். வெள்ளைத் துண்டைத் திருப்பிக் கொடுத்தேன். பையில் வைத்துக்கொண்டு, குனிந்து, வெறும் மேசையை ஊதிவிட்டுப் போனார்.

அதற்கு முன்னால், அன்று விடிகாலை, நெட்டுக்குப்பம். ஒன்பது மணிக்கு மணியடித்துவிடுவார்கள். அரைக்கால் சட்டையோடு வெற்றுமார்பில் முப்பத்தேழு பிள்ளைகள் வரிசையில். நான் ஊக்கைக் கழற்ற, பூங்கா பொத்தானை விடுவிக்க, சட்டை ஒவ்வொன்றாய் உதிர்ந்தது. எங்கும் ஒரு கிழிசல் இல்லை. ராணி தன் பிள்ளையின் சட்டையை வெளிச்சத்தில் தூக்கித் தையல் தையலாகப் பார்த்தாள். "நாலு ஊக்கு" என்று கைநீட்டினாள். கொடுத்தேன். தாலியில் கோத்துக்கொண்டே, "டிவில எம்புள்ள சட்டதான் மொத வரிச, பாத்தியா" என்றாள். பிள்ளைகள் பொத்தான் போட்டபடியே ஓடினார்கள்.

அத்தை என்னோடு பஸ் நிறுத்தம்வரை வந்தார். பஸ் வந்தது. அவர் தலையில் கூடை, கூடைக்கடியில் சும்மாடு. கண்டக்டர் அத்தையை உற்றுப் பார்த்தான், அப்புறம் அவனாகவே, "ஏறு ஆயா, பின்னாடி எடம் கீது" என்றான். "நான் வரல நைனா, இவள ஏத்திக்கோ" என்றார். நான் படியில் ஏறி நின்றேன். பஸ் நகர்ந்தது. அத்தை ஜன்னலோடு நாலடி கூடவே நடந்து வந்து சொன்னார்:

"அடுத்த தபா முன்னாடியே சொல்லு மாலதி. வூட்டுக்கு வூடு இதே கலர்ல பெட்சீட்டு கீது."